பண்டிகைக் காலைப் பட்டிமன்றம்: அதன் புகழ் தகுமா?



பண்டிகை நாள் என்றால் புத்தாடையும் பலகாரமும் என்பது பழைய வழக்கு. இக்காலத்திலோ அவ்விரண்டோடு மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது. வீட்டார் அனைவரும் ஒரு பெட்டியின் முன்னே கூடியிருந்து, ஆண்டுதோறும் தவறாது வரும் ஒரு நிகழ்ச்சியைக் கேட்பதும் காண்பதும் பல நாடுகளிற் பண்டிகையின் ஓர் அங்கமாகவே அமைந்துவிட்டன.

இவ்வழக்கத்துக்கு முற்பட்ட எடுத்துக்காட்டு ஒன்றை நத்தார்ப் பண்டிகையிலே காணலாம். 1932-ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 25-ஆம் நாள், பிரித்தானிய மன்னர் ஐந்தாம் ஜோர்ஜ் வானொலி வழியாகத் தம் பேரரசு முழுவதற்கும் நத்தார் வாழ்த்துக் கூறினார். அவ்வுரையை எழுதிக் கொடுத்தவர் ருட்யார்ட் கிப்ளிங் என்னும் ஆங்கில எழுத்தாளர். 1957-இல் மன்னரின் பேர்த்தியாகிய இரண்டாம் எலிசபெத் அரசியார் அவ்வழக்கத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தார். பிரித்தானியாவில் இன்றும் நத்தார் நாளிலே முடியுடையோர் பேசுகின்றனர், மக்கள் கேட்கின்றனர். 1972-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள் குடியரசாகும் வரையில் நம் நாடும் அம்முடியின் கீழேயே இருந்தது.

தொலைவிலே தனித்திருப்போரை விழா நாளில் நினைந்து பேசுதல் என்பதே அம்முதலுரையின் கருத்து. அக்காலத்துச் சப்ரகமுவத் தோட்டம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மேட்டிலிருந்த பங்களாவில் வாழ்ந்த துரை கடல் கடந்து வந்தவர். பள்ளத்திலிருந்த லயத்தில் வாழ்ந்த தொழிலாளியும் கடல் கடந்து வந்தவரே. மன்னரின் வாழ்த்து, துரைக்கு அவர் தாய்மொழியிலே வந்தது. லயத்து மக்களுக்கோ வானொலிப் பெட்டியும் இல்லை. அவ்வாழ்த்து அவர்களுக்கு விளங்கும் மொழியிலும் இல்லை.

அந்நிலை இன்று மாறிவிட்டது. தீபாவளிக் காலையிலும் பொங்கற் காலையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும், பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் உள்ள லயங்களிலே தொலைக்காட்சிப் பெட்டிகள் தமிழ் பேசுகின்றன. அவற்றிலே பலரும் விரும்பிக் காண்பது, தமிழகத்திலிருந்து வரும் சிறப்புப் பட்டிமன்றம். இத்துணை விருப்பத்துக்கும் அது தகுதியுடையதுதானா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதலிற் பட்டிமன்றத்தின் குலமுறையைக் காண்போம். பட்டிமன்றம் தொலைக்காட்சி பெற்ற பிள்ளை என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. பட்டிமண்டபம் என்னும் சொல் நம் பழங்காப்பியங்களிலேயே வருகின்றது. சிலப்பதிகாரத்தில், மகத நாட்டு மன்னன் சோழனுக்குக் கொடுத்த பட்டிமண்டபம் ஒன்று பூம்புகாரில் இருந்ததாக இளங்கோவடிகள் கூறுகின்றார். மணிமேகலையிலோ, இந்திர விழா நடைபெறப்போவதை முரசறைந்து அறிவிக்கும் இடத்தில், சமயவாதிகள் பட்டிமண்டபத்து முறையறிந்து ஏறி வாதிடுக என்ற அழைப்பும் சேர்ந்து வருகின்றது. தெருக்களை அலங்கரியுங்கள், தோரணம் கட்டுங்கள், பகையை மறந்திருங்கள் என்று சொல்லும் அதே முரசு, வாதிட வாருங்கள் என்றும் சொல்கின்றது. ஆகவே, விழா நாளும் விவாத மேடையும் கூடியிருத்தல் தமிழர்க்குப் புதியதன்று.

இக்காலப் பட்டிமன்றத்துக்கு உருவம் கொடுத்தவை கம்பன் விழாக்கள். 1939-இல் சா. கணேசன் அவர்கள் காரைக்குடியிலே கம்பன் கழகத்தைத் தொடங்கினார். கம்பன் படைத்த பாத்திரங்களுள் எவர் உயர்ந்தவர் என்பன போன்ற வினாக்களை எழுப்பி, இரு சாராரும் வாதிட, நடுவர் தீர்ப்புக் கூறும் முறை மேடைகளிலே வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் நடுவராக வீற்றிருந்து அம்முறைக்குப் பெருமை சேர்த்தார். நம் நாட்டிலும் 1980-இல் யாழ்ப்பாணத்திலே தோன்றிய கம்பன் கழகம் இக்கலையை வளர்த்தது. பின்னர் அது கொழும்புக்கும் வந்தது.

1993-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் சென்னையிலே சன் தொலைக்காட்சி தொடங்கியபின், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த சாலமன் பாப்பையா அவர்கள் நடுவராக அமர்ந்த பண்டிகைப் பட்டிமன்றம் தமிழ் வழங்கும் நாடெங்கும் பரவியது. ராஜா, பாரதி பாஸ்கர் முதலிய பேச்சாளர்களின் குரல்கள் வீட்டாரின் குரல்கள் போலப் பழகிப்போயின. 2021-இல் இந்திய அரசு பாப்பையா அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. காப்பியத்து மண்டபத்திலிருந்து கல்லூரி ஆசிரியரின் மேடைக்கும், அம்மேடையிலிருந்து நம் வீட்டுக் கூடத்துக்கும் பட்டிமன்றம் நடந்துவந்த வழி இதுவாகும்.

இனிச் சப்ரகமுவத் தோட்டங்களை நோக்குவோம். 1889-இல் தனி மாகாணமாக அமைக்கப்பட்ட சப்ரகமுவ, இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களை உடையது. தேயிலையும் இறப்பரும் இங்கே அடுத்தடுத்து வளர்கின்றன. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரோடு வந்த மக்கள் இத்தோட்டங்களை உருவாக்கினர். நுவரெலியா மாவட்டத்திலே தோட்டம் தோட்டத்தைத் தொட்டு நிற்கும். தமிழர் தமிழரோடு தொடர்ந்து வாழ்வர். இங்கோ, ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள் உள்ளன. இரு மாவட்டங்களிலும் தோட்டத் தமிழர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைந்தவரே. இவ்வேற்றுமையை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். நம் வினாவுக்கு விடை பெரிதும் இதிலேயே தங்கியுள்ளது.

இம்மக்கள் தம்மோடு கொண்டுவந்த செல்வம் அவர்களது கலை. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகியவை தோட்டத்து விழாக்களின் உயிராயிருந்தன. அவற்றுள்ளும் காமன் கூத்து தனிச் சிறப்புடையது. மாசி மாதத்திலே கம்பம் நட்டு, இரவுதோறும் தப்பு முழங்க மன்மதனும் இரதியும் ஆடுவர். சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிக்கப்படுவான், இரதி புலம்புவாள், பின்னர் அவன் உயிர் பெறுவான். பகலெல்லாம் கொழுந்து பறித்தவரும் பால் வெட்டியவருமே இரவில் மன்மதனாகவும் இரதியாகவும் வேடம் புனைந்தனர். ஆடுவோர் வேறு, காண்போர் வேறு என்ற பிரிவு அங்கே மிகச் சிறிது.

இக்காமன் பண்டிகைக்கும் பட்டிமன்றத்துக்கும் ஓர் உறவு உண்டு. தஞ்சைப் பகுதியிலே மராட்டியர் ஆட்சிக் காலத்தில் வேரூன்றிய லாவணி என்னும் பாட்டு முறையில், காமன் பண்டிகையின்போது இரு கட்சியினர் எதிரெதிரே அமர்வர். மன்மதன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. எரிந்த கட்சி என்றும் எரியாத கட்சி என்றுமே அவற்றுக்குப் பெயர். ஒருவர் பாட்டிலே வினாத் தொடுக்க, மற்றவர் பாட்டிலே விடை கூறி எதிர்வினாத் தொடுக்க, விடியும் வரையில் வழக்கு நடைபெறும். புலவர்க்குப் பட்டிமண்டபம் இருந்தது; உழவர்க்கு லாவணி இருந்தது. தோட்டத்து மக்களின் முன்னோர் பிறந்த மண்ணிலே, அவர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்த அதே பண்டிகையிலே, வாதம் என்பது மக்கள் கலையாக வாழ்ந்தது. ஆதலின், இன்று லயத்திலே பட்டிமன்றம் கேட்டு மகிழும் முதியவரை நோக்கி, இவருக்கு இது எப்படிப் பிடித்தது என்று எவரும் வியக்க வேண்டுவதில்லை.

அப்படியாயின் கூத்து ஏன் குறைந்தது? தொலைக்காட்சிதான் கூத்தைக் கொன்றது என்று பலரும் கூறுவர். பட்டிமன்றத்தின்மீது சாட்டப்படும் குற்றங்களுள் இதுவே பெரியது. வரலாறு இதற்கு வேறு விடை தருகின்றது.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் அது வகுத்தது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் என்று குடும்பங்கள் பிரிந்தன. அதன்பின் 1977-இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் நிகழ்ந்த வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. லயங்கள் எரிந்தன. பலர் உயிருக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றனர். வேறு பலர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். கூத்துக்கு வாத்தியார் வேண்டும், தப்புக்காரர் வேண்டும், வேடம் கட்டுவோர் பலர் வேண்டும், இரவெல்லாம் அச்சமின்றித் திறந்த வெளியிற் கூடியிருக்கும் துணிவும் வேண்டும். இவையனைத்தும் ஒரே தலைமுறைக்குள் சிதறின.

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979-இல். அரசின் ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் வந்தது. லயங்களிற் பலவற்றுக்கு மின்சாரமே அதன்பின் நெடுங்காலம் கழித்துத்தான் வந்தது. ஆகவே, தொலைக்காட்சி வந்து அமர்ந்தது பெரிதும் வெறுமையாகிவிட்ட ஓர் இடத்திலேதான். இடத்தை வெறுமையாக்கியவை சட்டமும் ஒப்பந்தமும் வன்செயலுமே. அக்குற்றத்தைப் பட்டிமன்றத்தின் தலையிற் சுமத்துதல் முறையன்று.

ஆனால், முறையான குற்றச்சாட்டுகளும் சில உண்டு. அவற்றை மறைத்தல் ஆகாது.

முதலாவது, பொருளின் எளிமை. பழைய பாட்டா, புதிய பாட்டா? கூட்டுக் குடும்பமா, தனிக் குடித்தனமா? மகிழ்ச்சி தருவது பணமா, உறவா? பெயரை மாற்றி ஆண்டுதோறும் வருபவை பெரும்பாலும் இத்தகைய வினாக்களே. எப்பக்கம் வென்றாலும் எவருக்கும் இழப்பில்லாத வினாக்கள் இவை. தீர்ப்பும் இரு பக்கத்தையும் தட்டிக்கொடுத்து முடிவது மிகுதி.

இரண்டாவது, நகைச்சுவையின் இலக்கு. கணவனின் சம்பளத்தைச் செலவழிக்கும் மனைவி, மாமியாரை வாட்டும் மருமகள் என்பன போன்ற கேலிகள் மேடையிலே எளிதிற் கைதட்டல் பெறுகின்றன. தோட்டத்திலே நிலைமை என்ன? விடியுமுன் எழுந்து, பிள்ளைக்கு உணவு வைத்து, கொழுந்துக் கூடையோடு மலையேறுகின்றவள் பெண். குளிர்ந்த காலையில் இறப்பர்ப் பால் நன்கு வடியும் என்பதனால், இருள் பிரியுமுன்னரே மரத்தடியில் நிற்கின்றவளும் பெண். அவள் உழைத்த சம்பளத்தைக் கணவன் சென்று வாங்கிக்கொண்ட வழக்கமும் முன்னர்ப் பல தோட்டங்களில் இருந்தது. அவளுக்கு முன்னே இக்கேலி பொருளற்றதாகிவிடுகின்றது. எனினும், மேடையிலிருக்கும் பெண் பேச்சாளர்கள் அக்கேலியை எடுத்து எதிரணிமீதே திருப்பிவிடும்போது லயத்திலும் சிரிப்பு எழும் என்பதையும் சொல்லல் வேண்டும்.

மூன்றாவது, விளம்பரம். தோட்டத்துத் தீபாவளி, முற்பணத்திலே பிறப்பது. நிர்வாகம் பண்டிகைக்கு முன் தரும் அக்கடன், பின்னர் மாதந்தோறும் சம்பளத்திலே கழிக்கப்படும். அந்தக் கடனிலே துணியும் எண்ணெயும் வாங்கிய குடும்பத்தின் முன்னே, ஒரு வாதத்துக்கும் மறு வாதத்துக்கும் இடையில் நகையும் பட்டும் மோட்டார் வண்டியும் வந்து வந்து போகின்றன. பணமா உறவா என்று மேடை கேட்கின்றது; இடைவேளையோ பணமே என்று விடை கூறிவிடுகின்றது.

நான்காவது குற்றம் இவை எல்லாவற்றினும் ஆழமானது. அம்மேடையில் தோட்டம் இல்லை. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்று இம்மக்கள் ஆண்டுக்கணக்கிற் குரல் கொடுத்தனர். 2021-இல் வர்த்தமானி வழியாக அது குறைந்தபட்சச் சம்பளமாக விதிக்கப்பட்டது. அத்தனை ஆண்டுகளும் ஒவ்வொரு தீபாவளியிலும் அவர்கள் பட்டிமன்றம் கேட்டனர். அவர்களது வழக்கு ஒரு பட்டிமன்றத்துக்கும் பொருளாகவில்லை. சென்னையில் இருப்போர் சென்னையைப் பற்றிப் பேசுவதிலே தவறில்லை. ஆயினும், தம் பெயர் ஒருமுறையும் அழைக்கப்படாத அவையிலே ஒரு மக்கள் கூட்டம் ஆண்டுதோறும் அமர்ந்திருப்பது எண்ணத்தக்கது.

இவ்வளவு குற்றமும் கூறியபின், புகழுக்குரியது என்று சொல்ல என்ன இருக்கின்றது? மூன்று செய்திகள் உள்ளன.

ஒன்று, மொழி. சப்ரகமுவத் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை, சிங்கள அயலாரிடையே வளர்கின்றது. அருகிலே உயர்வகுப்பு வரை உள்ள தமிழ்ப் பாடசாலை இல்லாமையால் சிங்களப் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளும் பலர். அயல்மொழி கற்றல் நன்றே; அதனாலே தொழிலும் நட்பும் கிடைக்கும். ஆனால் வீட்டு மொழி, சோறு, தண்ணீர், வா, போ என்ற அளவிலே சுருங்கிவிடும் இடர் இங்கே மெய்யாகவே உண்டு. அத்தகைய வீட்டில், ஒரு மணி நேரத்துக்கும் மேலாக, காரணம் காட்டி, உவமை சொல்லி, பழமொழி எடுத்து, எதிர்ப்பவரை மடக்கும் தொடர்ந்த தமிழ்ப் பேச்சு ஒலிக்கின்றது. திரைப்படத்தின் தமிழ் துண்டு துண்டானது. செய்தியின் தமிழ் அறிவிப்பது மட்டும். வாதிடும் தமிழை இவ்வீட்டுப் பிள்ளை வேறெங்கே கேட்கும்?

இரண்டு, சமநிலை. பட்டிமன்றம் கேட்க எழுத்தறிவு வேண்டுவதில்லை. பள்ளி வாயிலை மிதித்தறியாத பாட்டியும், உயர்தரம் படிக்கும் பேர்த்தியும் ஒரே பாயில் இருந்து ஒரே வாதத்தை எடைபோடலாம். கூத்துக்குப் பின்னர், மூன்று தலைமுறையும் ஒன்றாய் இருந்து சுவைக்கும் நிகழ்ச்சிகள் மிகச் சிலவே. தலைக்கொரு கைத்தொலைபேசி வந்து வீட்டாரைப் பிரித்து இருத்தும் இந்நாளில் அது சிறிய பேறன்று.

மூன்று, பண்பு. எதிரணியினரைக் கடிந்து பேசியவர், முடிவில் அவர் அருகிலேயே சிரித்தபடி அமர்கின்றார். கருத்தை வெட்டலாம், ஆளை வெட்டலாகாது என்பதை இதைவிட எளிதாய்க் காட்டுதல் அரிது. 1977-ஐயும் 1981-ஐயும் 1983-ஐயும் கண்ட மண்ணிலே, மாறுபட்ட இருவர் ஒரே மேடையில் இருந்து ஒரே தீர்ப்புக்குத் தலைவணங்கும் காட்சிக்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

இப்போது நத்தார் உரையோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போம். அங்கே ஒருவர் மேலிருந்து பேசுவார்; மற்றவர் கேட்பர். மறுமொழிக்கு இடமில்லை. பட்டிமன்றத்திலோ மறுமொழியே உயிர். ஒரு விழா நாளுக்கு எது தக்கது என்று கேட்டால், பட்டிமன்றமே என்று தயங்காது கூறலாம். அதே நேரத்தில், காமன் கூத்தோடும் லாவணியோடும் ஒப்பிட்டால் பட்டிமன்றம் தாழ்கின்றது. லாவணியில் எதிரே இருந்தவர் அடுத்த தெருக்காரர். கூத்தில் இரதியாய் அழுதவர் அடுத்த லயத்துக்காரர். அக்கலையைக் கேட்டவர் மறு ஆண்டு அதனைச் செய்பவராகவும் ஆகலாம். தொலைக்காட்சியின் முன் இருப்பவர் ஆண்டுகள் பல சென்றாலும் கேட்பவராகவே இருக்கின்றார்.

ஆகவே, நாம் காணும் முடிவு இது. பண்டிகைப் பட்டிமன்றம் தான் பெற்ற அன்புக்கு உரியதே. அது பழைய குலத்தில் வந்தது. சிதறிய மக்களுக்கு மொழியைக் கொண்டுவந்தது. ஆனால் அதனோடு நிறைவடைந்துவிடுதல் நமக்கு அழகன்று. இக்குறையைத் தீர்க்கவேண்டியவர் சென்னையில் இல்லை, இங்கேயே உளர். தேசிய ஒலிபரப்புக்கும் ஒளிபரப்புக்கும் அதிலே பங்குண்டு. தோட்டத்துப் பாடசாலைகளுக்கும் ஆலய சபைகளுக்கும் பங்குண்டு.

பலாங்கொடையிலோ, காவத்தையிலோ, தெஹியோவிற்றையிலோ ஒரு பாடசாலை மண்டபம் போதும். இரு பக்கமும் மும்மூன்று பேர் போதும். பொருளுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஏற்றம் தருவது தமிழ்மொழிக் கல்வியா, சிங்களமொழிக் கல்வியா? இளைஞர் தோட்டத்திலிருந்தே உயர்வதா, கொழும்புக்குச் சென்று உயர்வதா? லயத்தைத் திருத்துவதா, நிலத்தோடு தனி வீடு கேட்பதா? இவ்வினாக்களுக்கு நடுவர் எளிதிலே தீர்ப்புக் கூற இயலாது. இரு பக்கத்திலும் மெய்யான இழப்பு உண்டு. இவற்றைப் பால் வெட்டும் ஒரு தாயும், கடையிலே வேலை செய்யும் ஒரு மகனும் எதிரெதிரே நின்று பேசட்டும். சென்னைப் பட்டிமன்றத்திலே அவர்கள் ஆண்டாண்டாய்க் கேட்டுக் கற்ற வாதத் திறமை அப்போது பயன்படும்.

மாசி மாதத்திலே இன்றும் காமன் கம்பம் நடும் தோட்டங்கள் மலையகத்தில் உள்ளன. அங்கே எரிந்த மன்மதன் மூன்றாம் நாள் எழுகின்றான். வரும் தீபாவளியிலும் நம் மக்கள் பட்டிமன்றத்தைக் கண்டு மகிழட்டும். அது முடிந்து பெட்டியை நிறுத்திய பின்னர், அதே வினாவை வீட்டுக்குள் ஒருமுறை எடுத்துப் பேசிப் பார்க்கட்டும். தோட்டத்தின் மேடை அங்கிருந்தே தொடங்கலாம்.